பாடுவதற்கு முன் எடுத்த படம்

ஸ்டுடியோ ரங்கசாமி ஐயா இறந்துவிட்டார் என்று விழாக் குழுச் செயலாளர் தேவராஜ் அண்ணன் போனில் சொன்னபோது, நான் இ-சேவை மையத்தில் ஓர் அக்காவின் கட்டைவிரலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். தேயிலைக் கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரல். மூன்று முறை வைத்தும் இயந்திரம் ரேகையை ஏற்கவில்லை.

"யாருங்கண்ணா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அவரு மருமகன் சொன்னாருங்."

"நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"இல்ல அம்மிணி. இப்பத்தான் கெளம்பறேன். ரெண்டு மாசம் அவரோட உக்காந்ததுல உனக்கும் தொத்திக்கிச்சு" என்றார்.

தொற்றிக்கொண்டது உண்மைதான். எந்தச் செய்தி வந்தாலும் ஐயா கேட்கும் கேள்வியைத்தான் அவர் இறந்த செய்திக்கும் கேட்டிருக்கிறேன். மையத்தைப் பூட்டிவிட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பின்கட்டில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்தில் அதே பழுப்பு மப்ளர். பார்த்தேன். பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நம் கடைவீதியில் ஐயாவிடம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்காதவர்கள் குறைவு. அவரோடு சண்டை போடாதவர்கள் அதைவிடக் குறைவு. அவர் யாரையும் நம்பமாட்டார். பிளஸ் டூ முடித்த வருடம் அம்மாவின் படத்தை வாங்கிவர நான் போயிருந்தேன். ரசீதைக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "மூக்கு ஒத்துப்போவுது. ஆனா உங்கம்மா வரட்டும்" என்றார். அம்மா ஒருநாள் லீவ் போட்டு எஸ்டேட்டிலிருந்து வந்து, அவர் முன்னால் நின்று, தன் முகத்தைக் காட்டிப் படத்தை வாங்கிப்போனாள். அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது.

இந்த ஆண்டுத் திருவிழாவில் பழைய படங்களைக் கண்காட்சியாக வைக்கலாம் என்று குழு முடிவு செய்தபோதுதான் நான் அவரோடு உட்கார வேண்டி வந்தது. மாரியம்மன் திருவிழாவின் மூன்றாம் நாள் மைதானத்தில் பாட்டுப் போட்டி நடக்கும். சுற்றியுள்ள எஸ்டேட்டுகளிலிருந்து பெண்கள் வந்து பாடுவார்கள். சினிமாப் பாட்டு கூடாது. தாலாட்டு, கும்மி, சாமிப் பாட்டு எதுவும் பாடலாம். முதலிடம் வந்தவருக்கு ஒரு பெரிய வெள்ளிநிறக் கப். அடுத்த வருடம் திருப்பித் தந்துவிட வேண்டும்; படம் மட்டும் கோயில் மண்டபத்தில் நிரந்தரமாக மாட்டியிருக்கும். போட்டி நின்று வெகுநாளாகிறது. மண்டபத்தை இடித்துக் கட்டியபோது அந்தப் படங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. நெகட்டிவ் எல்லாம் ஐயாவிடம்தான் இருந்தன. ஸ்கேன் செய்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

எனக்கும் அதில் ஓர் ஆசை இருந்தது. என் அம்மா மல்லிகா ஒரு வருடம் கப் வாங்கியவள். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், அம்மா கப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கும் படம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைக் காட்டுவார். "மண்டபத்துல இவ படத்தைப் பாத்துட்டுத்தான் பொண்ணு கேட்டுப் போனேன்" என்பார். அப்பா போய் இரண்டு வருடமாகிறது. 'கப் வாங்கியவர்கள்' என்று பெரிய தட்டி வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டதும் அம்மா நீலப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது.

ஐயா போட்ட நிபந்தனைகள் தேவராஜ் அண்ணனை அழவைத்தன. நெகட்டிவ் பெட்டி ஸ்டுடியோவை விட்டு வெளியே வராது. ஒரு நாளைக்கு ஒரே கவர். அதையும் அவரே கொண்டுவருவார். என் மேஜைக்குப் பக்கத்தில் உட்காருவார். வேலை முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொண்டு போவார். "இந்த மனுசன் சாமி வரம் குடுத்தாலும் கையெழுத்துப் போட்டுக் குடுன்னு கேப்பாரு" என்று அண்ணன் என் காதில் சொன்னார். ஐயாவுக்குக் கேட்டுவிட்டது. "ஆமாங். அப்புறம் நான் குடுக்கவே இல்லைன்னு சாமி சொல்லிட்டா?" என்றார்.

எனக்கு அதிகம் பேச வராது. அவருக்கும் பேசப் பிடிக்காது. அதனால் முதல் வாரம் நன்றாகவே போனது. ஒருநாள் அவருக்கு டீயும் இரண்டு வறுக்கி பிஸ்கட்டும் வாங்கி வைத்தேன். டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எதுக்குங்க?"

"சும்மாதாங்க ஐயா."

"சும்மா யாரும் டீ வாங்கித் தரமாட்டாங்களே." ஒரு மடக்குக் குடித்தார். "ஏதாச்சும் வேணும்னா மொதல்லயே கேட்டுருங்க அம்மிணி. குடிச்சு முடிச்சப்புறம் கேட்டா எனக்குச் சங்கடம்."

எனக்கு அப்போது எதுவும் வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம்தான் வேண்டியிருந்தது.

அன்று ஸ்கேன் செய்த கவரில் ஒரு பெண் கப்போடு நின்றாள். அடுத்த நெகட்டிவில் வேறொரு பெண், அதே கப். அதற்கடுத்து இன்னொருத்தி. மொத்தம் நான்கு பேர். வெவ்வேறு வருடத்துப் படங்கள் கலந்துவிட்டன என்றுதான் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது நான்கு பேருக்கும் பின்னால் இருந்த திரைச்சீலையில் ஒரே இடத்தில் ஒரே கிழிசல். தோரணத்தில் ஒரே மாவிலை மடங்கியிருந்தது. ஒரே நாள். ஒரே கப். நான்கு பேர்.

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல யாருங்க ஐயா கப் வாங்கினது?"

"ரெண்டாவது. அதை மட்டும் எடுத்துக்கங்க."

"மத்தவங்க ஏன் கப்பைப் புடிச்சிருக்காங்க?"

"புடிக்கச் சொன்னேன், புடிச்சாங்க" என்று கவரை மூடினார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அடுத்தடுத்த கவர்களிலும் அப்படியே. ஒரு வருடம் மூன்று பேர், ஒரு வருடம் ஐந்து பேர். யாருக்கு வேண்டுமானாலும் கப்போடு படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார், ஜெயித்தவர் என்று எவரையோ மண்டபத்தில் மாட்டியிருக்கிறார் என்று தோன்றியது. ஜெயித்தவர்களைக் குறித்து வைத்த நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாரே தவிர, என் பக்கம் காட்டமாட்டார். உலகத்தையே சந்தேகப்படுகிறவர் எதையோ மறைக்கிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பெட்டியில் கவர்கள் வருட வரிசையில் இருக்கும். அப்பா அம்மா கல்யாணத்துக்கு முந்தைய வருடம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. முந்தின கவர் வந்தது. மறுநாள் பிந்தின கவர் வந்தது.

"நடுவுல ஒண்ணு இல்லீங்களே ஐயா."

"தேடிப் பாக்கறேன்."

"பெட்டியில எதுவும் தொலையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்துபோய்விட்டார். நான் அவரிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதான்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார், கையில் கவர் இல்லாமல். நாற்காலியிலும் உட்காரவில்லை.

"நீங்க மல்லிகா மவளா?"

"ஆமாங்க."

"உங்க ஊட்ல ஒரு படம் இருக்குமே. அதோட முதுகப் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"பாத்துட்டு வாங்க. அப்புறம் கவரக் கேளுங்க."

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் படத்தை இறக்கினேன். பின்னால் அட்டையைச் சுற்றி அடித்திருந்த சின்ன ஆணிகள் துருவேறியிருந்தன. கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"என்னா புள்ள, அதை ஏன் கழட்டுற?"

அட்டையை எடுத்தேன். படத்தின் முதுகில் பென்சிலில், ஐயாவின் குட்டிக் குட்டி எழுத்தில் இருந்தது. 'மல்லிகா. பாடுவதற்கு முன் எடுத்தது. இரண்டாம் இடம்.'

நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஆனால் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். 'இரண்டாம்' என்ற இடத்தில் கொஞ்சம் நேரமெடுத்தாள்.

"அந்த மனுசன் எழுதித்தான் குடுத்திருக்காரா" என்றாள். "பிரேம் போட்டுல்ல குடுத்தாரு. நான் பின்னால எங்க பாத்தேன்."

"நீ ஜெயிக்கலியா ம்மா?"

"நான் ஒரு நாளாச்சும் ஜெயிச்சேன்னு உன்கிட்ட சொல்லியிருக்கனா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. அப்பா சொல்வார், லயத்தில் சொல்வார்கள், நான் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். அம்மா அப்போதெல்லாம் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"மண்டபத்துல மாட்டுனாங்க. ஊரே பாத்துச்சு. உங்கப்பா பாத்துட்டு வந்து பொண்ணு கேட்டாரு. வந்த மனுசங்கிட்ட, ஜெயிச்சது நான் இல்ல, பாக்கியம்னு ஒருத்திதான்னு எப்புடிச் சொல்றது? கலியாணம் ஆன பின்னாடி சொல்லலாம்னு இருந்தேன். அவரு அதைச் சொல்லிச் சொல்லியே சந்தோசப்பட்டுக்கிட்டாரு." அடுப்பில் கிடந்த சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப தட்டியில என்னா எழுதப்போற?"

தட்டியில் முதல் வரிசையில் அம்மா படம் வரும் என்று தேவராஜ் அண்ணன் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பொய்யை எழுதினால் அதை எழுதியவள் நான். உண்மையை எழுதினால், நீலப் புடவையோடு அம்மா ஊர் முன்னால் நிற்க வேண்டும்.

மறுநாள் ஸ்டுடியோவுக்கே போனேன். ஐயா வெளிச்சம் பட்ட பெஞ்சில் உட்கார்ந்து கேமரா லென்ஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கும் முன்பே சொல்லத் தொடங்கினார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

"நம்மூர்ல நாலு மணிக்கு மேல வெளிச்சம் யார் பேச்சையும் கேக்காதுங்க. போட்டி முடிஞ்சு பேரு சொல்ல ஆறாயிரும். மைதானம் பூரா மூடுபனி. பிளாஷ் அடிச்சா பனிதான் படத்துல உழும், ஆளு உழாது. ரெண்டு வருசம் வெறும் வெள்ளையா வந்துச்சு. அப்புறம்தான் கடைசிச் சுத்துக்கு வர்ற எல்லாத்தையும் மத்தியானமே கப்போட நிக்கவெச்சு எடுத்துக்குவேன். ஜெயிச்சவங்க படத்தை மட்டும் பிரிண்ட் போட்டு மாட்டறது. எல்லாருக்கும் தெரியும், யாரும் தப்பா நெனைக்கல. அந்தக் காலத்து ஆளுங்க இருந்திருந்தா நீங்க என்னை இப்படிப் பாத்திருக்க மாட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த வருசம் அஞ்சு பேரு. பாக்கியம்னு ஒரு புள்ள, கப்பைத் தொடமாட்டேன்னுட்டா. வாங்காத கப்பைப் புடிச்சுட்டு நிக்க எனக்குக் கூச்சமா இருக்குது, ஜெயிச்சுட்டுப் புடிக்கறேன்னா. கொஞ்ச நேரம் நின்னு கேமராவ வாங்கிப் பாத்துட்டுப் பாடப் போயிட்டா. அவதான் ஜெயிச்சா. அன்னிக்குப் பனி, பக்கத்துல நிக்கறவன் தெரியல. நாளைக்கு வா, எடுத்துக்கலாம்னேன். மறுநாள் கொழுந்து நெறைய இருக்குது, லீவ் இல்லைன்னுட்டாங்களாம். அடுத்த மாசமே கலியாணமாகித் தேவர்சோலைப் பக்கம் போயிட்டா. மறுபூஜைக்கு மண்டபத்துல படம் தொங்கணும். அப்ப இருந்த செயலாளரு, ரெண்டாவது வந்த புள்ளைய மாட்டு, அப்புறம் மாத்திக்கலாம்னாரு. மாட்டுனேன். அது என்னோட தப்பு. அப்புறம்கிறது வரவேயில்லை."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?"

"எழுதிக் குடுத்தனே. உங்க ஊட்லயேதான் இருந்துச்சு." லென்ஸை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். "எழுதாம வெச்சா ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவாங்க. எழுதி வெச்சும் திருப்பிப் பாக்காம கட்டுனா நான் என்னங்க பண்றது?"

"அப்ப கவரை ஏன் மறைச்சீங்க?"

"மல்லிகா மவளையே இந்த வேலைக்கு உக்காத்தி வெச்சிருக்காங்க. டீ வேற வாங்கிக் குடுக்கறீங்க. எதுக்கோ அடி போடறீங்கன்னு நெனச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை. கவரை மேஜை டிராயரிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். எண்ணிக் கொடுக்கவில்லை. "படத்தை நம்பாதீங்க அம்மிணி. எடுத்தவன் அன்னிக்கு என்ன அவசரத்துல இருந்தான்னு கேளுங்க" என்றார்.

அதுதான் கடைசி. மறு வாரம் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்று கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்து நான்கு நாள் இருந்தார். போய்ப் பார்க்க நினைத்து, என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். அது என் தப்பு.

காரியம் முடிந்த மறுநாள் தேவராஜ் அண்ணன் மையத்துக்கு வந்தார். திருவிழா மலரில் ஐயாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும், போட ஒரு படம் வேண்டும் என்றும் சொன்னார். வீட்டில் இருந்ததெல்லாம் ஆதார் அட்டைப் படம்தான். அதில் அவரே யாரையோ சந்தேகப்பட்டு முறைக்கிறார். ஊரையே எடுத்தவரை ஊரில் ஒருவரும் எடுத்திருக்கவில்லை. பார்க்காமல் மிச்சமிருந்தது அவர் கடைசியாகக் கொடுத்த அந்தக் கவர் மட்டும்தான். அதுவரை அதைத் திறக்க எனக்கு மனம் வந்திருக்கவில்லை.

உள்ளே நான்கு பெண்கள், ஒவ்வொருவர் கையிலும் கப். மூன்றாவது என் அம்மா. அவர்களோடு ஓர் அச்சுப் படமும் இருந்தது. ஒல்லியாக, நெற்றியில் முடி விழ, கப்பைத் தலைக்கு மேல் தூக்கிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார் ரங்கசாமி ஐயா. அவருக்குப் பின்னால் அதே திரைச்சீலை. படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவர் கால் ஒன்று வெட்டுப்பட்டிருந்தது. எடுத்தவருக்குக் கை பழகியிருக்கவில்லை.

"அட, இவரும் பாடியிருக்காரா? சொல்லவே இல்ல பாரு" என்றார் தேவராஜ் அண்ணன்.

நான் படத்தைத் திருப்பினேன். படித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு அம்மாவைப் பற்றிய விஷயத்தையும் சொன்னேன். "இது எழுத வேண்டியதுதானா அம்மிணி? உங்கம்மா பாவமில்லையா?" என்றார்.

அம்மாவிடமே கேட்டேன். மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "பின்னால இருக்கறதை முன்னால எழுது. அவ பேருக்குக் கீழ எடத்தைக் காலியா உடு. என் படத்தை ரெண்டாவதா வையி. நான் நல்லாத்தான் பாடுனேன், ரெண்டாவது வந்தா என்னா கொறைச்சல்." வாசல் தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். "நீலப் புடவைய மடிச்சு வைக்காத. கட்டத்தான் போறேன்."

தட்டி அப்படியே இருக்கும். பாக்கியம் என்ற பெயரும், அதன் கீழ் ஒரு படத்தின் அளவுக்கு வெற்றிடமும் இருக்கும். தேவர்சோலைப் பக்கம் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவரிடம் காட்டுங்கள். அம்மாவுக்கு அவரைப் பார்க்க வேண்டுமாம்.

ஐயாவின் மகள் எனக்கு அவருடைய பென்சில் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு அங்குலம்தான் மிச்சம். அதைவிடப் பெரிதாக நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய சந்தேகம். இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் முதுகைப் பார்க்கிறேன். அங்கே எதுவும் இல்லையென்றால் யார், எப்போது, எதற்கு முன் என்று கேட்டு எழுதிவைக்கிறேன். சிலர் கோபப்படுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் கோபப்பட்டேன்.

மலரின் பக்கத்தைத் திருப்பினால் படத்தின் முதுகு தெரியாது. ஆகவே அவர் பென்சிலில் எழுதியிருந்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். முப்பது வருடம் கழித்து எவரும் இவரைப் பாடகர் என்று சொல்லிவிடக் கூடாது.

'நான், ரங்கசாமி. போட்டியில் பாடவில்லை. கப்பைப் பிடிக்கப் பாக்கியம் மறுத்ததால் நான் பிடித்தேன், கேமராவை அவர் பிடித்தார். படம் எடுத்தவர்: பாக்கியம். முதல் இடம்.'